நூற்றெண்பது கைகளும் நாற்பது வீடுகளும்

அம்பாசமுத்திரம் வட்டாரத்திலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊராட்சியில் புதுக் குடிநீர்க் குழாயை முதலில் எந்தத் தெருவுக்குக் கொண்டுபோவது என்று கிராம சபையில் கை தூக்கச் சொன்னார்கள். பெரிய தெருவுக்கு 180 கைகள். எங்கள் கீழத்தெருவில் மொத்தமே 40 வீடுகள்தான். போன முறை தெருவிளக்கிலும் இப்படித்தான் நடந்தது. இனி எத்தனை கூட்டம் போட்டாலும் இதே கணக்குத்தான். பெரும்பான்மை சொல்வதுதான் ஜனநாயகம் என்றால் எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது, ஐயா?"

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தாமிரபரணிக் கரை ஊர்களிலும், ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் தேரி ஊர்களிலும் கிராம சபைப் பற்றாளராக, அதாவது கூட்டத்தைக் கவனிக்க அனுப்பப்படும் அதிகாரியாக, நாற்காலி போட்டு உட்கார்ந்தவன். கைகளை எண்ணுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எண்ணச் சொன்னவனும் நானாகத்தான் இருந்தேன். அதனால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

தம்பி, உங்கள் கடிதத்தில் குழாயைவிடப் பெரிய விஷயம் "இனி எத்தனை கூட்டம் போட்டாலும்" என்ற சொற்களில் இருக்கிறது. தேர்தலில் தோற்றவர் தோல்வியை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போவது எதனால்? அடுத்த முறை வெல்வதற்கு வழி திறந்திருப்பதால். 1967-இல் விருதுநகரில் காமராஜரே தோற்றார். 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவிலில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். இன்று தோற்றவர் நாளை ஜெயிக்கலாம் என்ற அந்த நம்பிக்கையில்தான் கை எண்ணும் முறைக்கே நியாயம் இருக்கிறது. ஆனால் கீழத்தெருவில் பிறந்தவர் அடுத்த கூட்டத்துக்குள் பெரிய தெருவில் பிறந்து வர முடியாது.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் இதைத் தெளிவாகவே சொன்னார். இந்தியாவில் சிறுபான்மையினர் பெரும்பான்மையின் ஆட்சியை விசுவாசத்தோடு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெரும்பான்மை அடிப்படையில் சமூகப் பெரும்பான்மை, அரசியல் பெரும்பான்மை அல்ல. பாகுபாடு காட்டாமல் இருப்பது தன் கடமை என்று பெரும்பான்மைதான் உணர வேண்டும் என்றார். அரசியல் பெரும்பான்மை கருத்தால் கூடும், கருத்தால் கலையும். சமூகப் பெரும்பான்மை பிறப்பால் வருவது; கலையாது. கலையாத பெரும்பான்மையின் கையில் எல்லா முடிவையும் கொடுத்துவிட்டால் கூட்டமும் ஒழுங்காக நடக்கும், தீர்மானமும் முறைப்படி நிறைவேறும், ஒரு தரப்பு மட்டும் ஆயுள் முழுக்கத் தோற்றுக்கொண்டே இருக்கும்.

நம் மண்ணுக்கு இது புதிய சிக்கல் இல்லை. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் மானூர் இருக்கிறது. அங்குள்ள கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஏறத்தாழ 1200 ஆண்டுப் பழமை. ஊர்ச் சபையில் யார் உட்காரலாம் என்று அது விதிக்கிறது: நிலம் வேண்டும், தரும நூல் கற்றிருக்க வேண்டும், ஒழுக்கம் வேண்டும். உத்தரமேரூரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் மானூரைப் பற்றிப் பேசுவதில்லை என்பதில் எனக்கு நெடுநாள் வருத்தம். அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. சபையில் வரும் காரியங்களை எல்லாம் மறுத்தே பேசி முட்டுக்கட்டை போடுகிறவர்களும், அவர்களுக்குத் துணை நிற்பவர்களும், காரியம் ஒன்றுக்கு ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும்.

சபை வேலை தடைப்படக் கூடாது என்ற நோக்கம் புரிகிறது. வீம்புக்கு மறுப்பவர் எந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் எது வீம்பு, எது நியாயமான மறுப்பு என்று தீர்மானிப்பதும் அதே சபைதானே? நிலம் உள்ளவர்கள் மட்டுமே கூடிய பிரமதேய ஊர்ச் சபை, அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்த ஊரின் சபை அது. அந்த நிலத்தை உழுதவர்களுக்கு அங்கே இடமே இல்லை. உள்ளே இருந்த சிலருக்குள்ளும் 'இல்லை' என்று சொல்வதற்கு விலை வைத்திருந்தார்கள். இன்று கிராம சபையில் தனியாக எழுந்து மறுப்பவருக்கு என்ன நடக்கிறது? மளிகைக் கடையில் கடன் நிற்கிறது. அறுவடைக்குக் கூப்பிடுவதில்லை. ஆடு மேய்க்கும் பாதையில் திடீரென்று முள்வேலி முளைக்கிறது. ஐந்து காசைவிடப் பெரிய தண்டம் இது.

சரி, காப்பு என்ன? முதல் காப்பு, சில காரியங்களை எண்ணிக்கைக்கே விடாமல் வைப்பது. கேரளத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், பள்ளியில் நாட்டுப்பண் இசைக்கும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள்; ஆனால் பாட மாட்டார்கள். யெகோவாவின் சாட்சிகள் என்ற சிறிய பிரிவைச் சேர்ந்தவர்கள்; அவர்களுடைய நம்பிக்கை பாட இடம் கொடுக்கவில்லை. பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்த ஊரில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் அந்தக் குழந்தைகள் பக்கம் எத்தனை பேர் நின்றிருப்பார்கள்? 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் பள்ளியில் சேர்க்க உத்தரவிட்டது. மிகச் சிறிய சிறுபான்மைகூட நாட்டின் அரசியலமைப்பின்கீழ்த் தன் அடையாளத்தோடு இருக்க முடிகிறதா என்பதுதான் உண்மையான ஜனநாயகத்துக்குச் சோதனை என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் எழுதினார். மூன்று குழந்தைகளுக்காக எழுதப்பட்ட தீர்ப்பு அது.

உங்கள் குழாய் விஷயமும் இதே வேலிக்குள் வருகிறது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு பொதுவாகச் சமத்துவம் பேசிவிட்டு நின்றுவிடவில்லை. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை என்று பெயர் சொல்லி, சாதி, மதத்தின் பேரால் யாரையும் அவற்றிலிருந்து தடுக்கக் கூடாது என்கிறது. எழுதியவர்களுக்கு நம் கிராமங்களைத் தெரிந்திருந்தது. தண்ணீர் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்ற வரிசையைச் சபை பேசலாம். ஒரு தெருவுக்கே போகாது என்றோ, போகும் நாளைச் சொல்லாமலோ தீர்மானம் எழுத எந்தச் சபைக்கும் அதிகாரம் இல்லை, 180 கைகள் அல்ல, 1,800 கைகள் உயர்ந்தாலும்.

வேலியை எழுதி வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு இலங்கை சாட்சி. கொழும்புக்கும் கண்டிச் சீமைக்கும் போய்வந்த கதை இல்லாத பழைய குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. விடுதலையின்போது இலங்கையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு இல்லாத சுமையை ஒரு சமூகத்தின்மேல் மட்டும் ஏற்றும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்றது. நல்ல வேலிதான். ஆனால் விடுதலை பெற்ற 1948-லேயே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. அந்தச் சட்டம் யார் பெயரையும் சொல்லித் தள்ளவில்லை. தலைமுறைக் கணக்கையும் ஆவணத்தையும் கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த தொழிலாளியிடம் ஆவணம் ஏது? 1956-இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி ஆயிற்று. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது என்று இரண்டு அரசுகள் மக்களைப் பிரித்துக்கொண்டன. 1972-இல் புதிய அரசியலமைப்பு வந்தபோது 29ஆம் பிரிவின் அந்தக் காப்பும் கூடவே போயிற்று. இதை எழுதும்போது மனம் கசக்கிறது. வாக்குகள் ஒழுங்காக எண்ணப்பட்ட நாட்டில், நாடாளுமன்றம் முறைப்படி கூடிச் செய்த காரியங்கள் இவை.

நமக்கு அந்த வேலி ஓரளவு பலமாக இருக்கிறது. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 13 நீதிபதிகள் கொண்ட அமர்வு, நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்றது. 7-க்கு 6, ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் கிடைத்த காப்பு. சரியாக இருபது ஆண்டு கழித்து, 1993-இல் அதே ஏப்ரல் 24 அன்று, 73ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. உங்கள் ஊர்க் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த திருத்தம் அதுதான்.

அடுத்த காப்பு, முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி. இதில் நம் ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. திருநெல்வேலிப் பேட்டையில் 1896-இல் பிறந்த காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில், அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்திலிருந்து உறுப்பினராக இருந்தார். முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும் என்று கடைசிவரை வாதாடினார். 1948 நவம்பர் 23 அன்று, எந்தச் சமூகத்தையும் அதன் தனிநபர் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். இரண்டுமே ஏற்கப்படவில்லை. 1949 மே மாதத்தில் மதச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டையும் சபை கைவிட்டது.

தனி வாக்காளர் தொகுதி முறையை நான் ஏற்கவில்லை. எங்கள் ஓட்டு எங்களுக்குள், உங்கள் ஓட்டு உங்களுக்குள் என்று பிரித்துவிட்டால், பெரிய தெரு வேட்பாளர் கீழத்தெருப் பக்கம் கும்பிட்டுக்கொண்டு வருவதற்குக்கூடக் காரணம் இருக்காது. ஆனால் காயிதே மில்லத் அஞ்சியது பொய்யில்லை. எல்லோரும் சேர்ந்து ஓட்டுப் போடும் முறையில், ஒதுக்கப்பட்ட இடத்தில் யார் உட்கார்வது என்பதையும் பெரும்பான்மையே தீர்மானித்துவிடும். தாழ்த்தப்பட்டோருக்குத் தனி வாக்காளர் தொகுதிக்குப் பதிலாக ஒதுக்கப்பட்ட இடங்களைத் தந்த 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பின் அம்பேத்கரின் மனக்குறையும் அதுவே.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதும் பெரிய வீடுகளில் ஆள் தேடுவார்கள்: சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆள். சொந்த முதுகெலும்புள்ளவர் வந்துவிட்டால் அடுத்த ஆயுதம் துணைத் தலைவர். வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் அந்தப் பதவிக்கு இங்கே ஒதுக்கீடு இல்லை. நான் பணியில் இருந்த காலத்தில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவர் இரண்டு மாதம் வெளியூர் போய்விட்டால் போதும். துப்புரவுத் தொழிலாளிக்குச் சம்பளம் நிற்கும், மோட்டார் பழுது பார்த்தவர் தலைவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார், "இதற்குத்தான் இவர்களுக்கெல்லாம் பதவி கூடாது" என்று டீக்கடையில் பேச்சுக் கிளம்பும். ஒரு கையெழுத்து. அதை வைத்து, ஊராட்சிகளில் இட ஒதுக்கீடு தரும் அரசியலமைப்பின் 243ஈ பிரிவையே செல்லாக்காசாக்கிவிடலாம். பணத்தைப் பாதுகாக்க வைத்த விதி, நாற்காலியைப் பறிக்கும் விதியாகிவிட்டது.

அதையும் மீறி வேலை செய்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைக்குப் பெயர்போன தாழையூத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, அருந்ததியர் சமூகத்துப் பெண், 2011 ஜூனில் இரவு வீடு திரும்பும் வழியில் வெட்டப்பட்டார். பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட முயன்றதில் எழுந்த தகராறு பின்னணியில் இருந்தது. உயிர் பிழைத்தார். நாற்காலி கொடுக்கும் சட்டம், அதில் உட்கார்ந்தவர் இரவில் பத்திரமாக வீடு திரும்பவும் வழி செய்ய வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ கடமை செய்யவிடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாக்கியது. வேண்டிய திருத்தம்.

சிறுபான்மை என்றால் சாதியும் மதமும் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. வாழும் இடத்தாலும் சிறுபான்மை ஆகலாம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011-இல் இடிந்தகரையில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்கள், அதன் நிழலில் வாழும் கடற்கரை மக்கள். வெளிச்சம் வேண்டும் என்று மாநிலம் முழுவதும் கேட்டது. மின்வெட்டு அப்படி இருந்தது. கை தூக்கச் சொன்னால் இடிந்தகரை எங்கே நிற்கும்? முதல் இரண்டு உலைகளுக்கான சுற்றுச்சூழல் அனுமதி 1989-லேயே தரப்பட்டது. பொது விசாரணை கட்டாயம் என்ற விதி பல ஆண்டு கழித்து வந்ததால் அந்த மக்களை உட்காரவைத்துக் கேட்கும் கட்டம் ஒன்று அமையவே இல்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்து, பாதுகாப்புக்காக 15 உத்தரவுகள் பிறப்பித்தது. மின்சாரம் எனக்கும் வருகிறது. அந்த அச்சத்தில் எனக்குப் பங்கில்லை. ராதாபுரத்தில் வேலை பார்த்த நாட்களில் இது என்னை உறுத்தியது, இன்றும் உறுத்துகிறது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் சுமையைத் தாங்கப் போகிறவர்களிடம் முதலில் போய்க் கேட்க வேண்டும். கடைசியில் போலீசை அனுப்பிச் சொல்லக் கூடாது.

இனி ஒரு கிராம சபையைக் கிட்டத்தில் காட்டுகிறேன். ஓர் அக்டோபர் 2. ஊர்ப் பெயர் வேண்டாம். அம்மன் கோயில் முன்மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். கிழக்குத் தெருப் பெண்கள் மதிலுக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானங்களை வாசித்தார். ஒலிபெருக்கி இல்லை, மதிலைத் தாண்டி எதுவும் கேட்டிருக்காது. உள்ளே கைகள் எண்ணப்பட்டன. முடிந்ததும் வருகைப் பதிவேடு வெளியே போனது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். வயதானவர்கள் மைப்பெட்டியில் விரலை ஒற்றிக் கைநாட்டு வைத்தார்கள். அந்தக் கையெழுத்துகள் எதற்கு என்றால், குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, நிறைவதற்கு. காதில் விழாத தீர்மானத்துக்கு, தங்களுக்கே எதிரான தீர்மானத்துக்கு, அந்தப் பெண்களின் விரல் ரேகைதான் சட்டப்பூர்வ உயிர் கொடுத்தது. அவர்கள் அன்று வராமலே இருந்திருந்தால் கூட்டம் செல்லாமல் போயிருக்கும். பற்றாளராக உட்கார்ந்து அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று நான் வாய் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வு இன்றும் இருக்கிறது.

அடுத்த கூட்டத்தை அதே கிழக்குத் தெருவின் பள்ளிக்கூடத் திண்ணையில் போட வைத்தேன். தலைவர் முகம் சுளித்தார், ஆனாலும் வந்தார். பெரிய தெருக்காரர்கள் பலருக்கு அந்தத் தெருவுக்குள் அதுவே முதல் நடை. நடக்கும் வழியில் வால்வு தொட்டியையும், அதன் பக்கத்தில் விடியற்காலையிலிருந்து வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் குடங்களையும் பார்த்தார்கள். ஒரு பாட்டி எழுந்து, "ஐயா, இங்கே இருபது நிமிடம் தண்ணீர் வருகிறது, கடைசி வீட்டுக் குடம் நிறைவதற்குள் நின்றுவிடுகிறது" என்றார். எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக் கணக்குப்படி வால்வு திறக்கும் நேரம் பதிவேட்டில் ஏறியது. இரண்டு ஆண்டு ஒழுங்காக நடந்தது. பிறகு தொட்டி இயக்குபவர் மாறினார், நேரமும் மாறியது. மறுபடியும் மனு எழுதினார்கள்.

உங்கள் தெரு எந்தச் சமூகத்தினர் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை, பதில் பெரிதாக மாறப் போவதில்லை. பட்டியல் சாதியினராக இருந்து, தண்ணீரை அந்தக் காரணத்தால் தடுத்தால், அது வன்கொடுமைச் சட்டத்தின்கீழ் வழக்கு. வேறு யாராக இருந்தாலும் பின்வரும் வழி உண்டு. அந்தத் தீர்மானத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை எதிர்க்க முடியாது, எழுத்தை எதிர்க்கலாம். நகலோடு திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் தீர்மானத்தை நிறுத்திவைக்க அவருக்கு அதிகாரம் இருக்கிறது. அங்கும் நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறப்பதற்கு முன் அதற்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். இன்று மதுரைக்குப் பஸ் போதும். கூலிக்காரருக்கு உரிமைக்கும் உரிமை இல்லாமைக்கும் இடையே சில நேரம் அந்த டிக்கெட் விலைதான் நிற்கிறது.

கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை விட்டுவிடாதீர்கள். எந்த மத வளாகத்திலும் கிராம சபை நடத்தக் கூடாது, குடியிருப்புகளில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்று அரசு அறிவுறுத்தல்கள் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தை உங்கள் தெருவில் போடச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பெரிய தெருவிலும் மனசாட்சி உள்ள இரண்டு பேர் இருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்; 180 கைகளில் பல, பக்கத்தில் இருப்பவர் தூக்கியதால் தூக்கிய கைகள்.

மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு 100 பேர். குழாய்க் கூட்டத்தில் 180 கைகளே அதைத் தாண்டிவிட்டன. ஆனால் மற்றக் கூட்டங்களில் அந்த நூறு, உங்கள் 40 வீடுகளின் கையெழுத்து இல்லாமல் நிறைகிறதா என்று பழைய பதிவேடுகளில் எண்ணிப் பாருங்கள். நிறையவில்லை என்றால், உங்கள் பலம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த கூட்டத்தில் பதிவேடு உங்கள் பக்கம் வரும்போது, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பாட்டி கைநாட்டு வைப்பவர் என்றால் அவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு மைப்பெட்டியைத் தொடட்டும்.